குடும்ப வன்முறைப் புகாருக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு: சேலத்துக்கான வழிகாட்டி

பக்கத்து வீட்டுப் பெண், மகளிர் குழுவில் கூட இருப்பவர், சொந்தத் தங்கை, அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மா. இவர்களில் யாரோ ஒருவர் ஒருநாள் உங்களிடம், "கூட வர்றீங்களா அக்கா?" என்று கேட்கலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும், மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுக்க, வன்முறைக்கு ஆளான பெண்களில் வெளியே உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். உங்களைக் கூப்பிட்டவர் அந்தச் சின்னக் கூட்டத்தில் சேரப் போகிறார். முதல் முறை துணைக்குப் போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. படித்துப் பார்த்தால் நல்ல சட்டம். முதல் விசாரணை மூன்று நாளில், தீர்ப்பு 60 நாளில் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் சேலத்தில் நான் பார்த்தவரை, பாதிப் பெண்கள் நீதிமன்ற வாசலுக்கே போய்ச் சேருவதில்லை. ஸ்டேஷனில் கணவன் மனைவி இரண்டு பேரிடமும் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்துக்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது. கணவர் மறுபடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் துணைக்குப் போகிறவர் மனதில் இரண்டே இரண்டு விஷயங்களை வைத்துக்கொண்டால் போதும்: இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப வன்முறை சம்பவ அறிக்கை, வழக்கு முடியும் முன்பே நீதிமன்றம் தரும் இடைக்கால உத்தரவு. இவை இரண்டும் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை என்று நினையுங்கள்.

கிளம்பும் முன்

இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். எந்தப் பிரிவில் மனு போடலாம் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். புகார் கொடுத்த செய்தி கணவர் காதுக்கு எட்டுகிற அந்த முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அம்மா வீடு, சித்தி வீடு என்று எதுவும் இல்லையென்றால் 181ஐக் கூப்பிடுங்கள். அரசின் மகளிர் உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள். அங்கிருந்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டருக்கு அனுப்புவார்கள். அங்கே ஐந்து நாள்வரை தங்கலாம், கூட இருக்கும் பையனுக்கு வயது வரம்பு உண்டு என்பதால் பிள்ளைகளின் வயதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடி நடந்துகொண்டிருக்கும்போது என்றால் 112. காயத்துக்கு 108.

அடுத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று பொறுமையாகக் கேளுங்கள். "அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாங்க, கை நீட்டாம இருந்தா போதும், பிள்ளைங்க செலவுக்குத் தந்தா போதும்." பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான். அப்படியானால் இந்தச் சட்டம் அவருக்காகவே எழுதப்பட்டது. இதில் மனு போட்டதும் கணவரைக் கைது செய்ய மாட்டார்கள். அடிக்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு, பிள்ளையைப் பார்க்க விடு என்று நீதிமன்றம் உத்தரவு போடும். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம். இதைச் சொன்னதும் பல பெண்கள் முகத்தில் பயம் குறைவதைப் பார்க்கலாம்.

எலும்பு முறிவு, வரதட்சணைக் கொடுமை, உயிருக்கு ஆபத்து என்றால் கிரிமினல் புகாரும் வேண்டும். முன்பு 498ஏ என்று எல்லோரும் சொன்ன பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். "ஏதாவது ஒண்ணுதாம்மா போட முடியும்" என்று யாராவது சொன்னால் அது தவறு.

மனைவிக்கு மட்டுமான சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். மகன் அடிக்கிற வயதான அம்மா, அண்ணன் துரத்துகிற விதவைத் தங்கை, அப்பாவிடம் அடி வாங்கும் மகள் எல்லோரும் கேட்கலாம். தாலி கட்டாமல் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு 2010இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகள் வைத்தது. இருவரும் மணம் செய்யத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. முதல் மனைவி இருக்கும் ஆணோடு வாழ்ந்த பெண்ணுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வரும், வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சம்பவம் நடந்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டதே என்று தயங்கினால், 2022இல் காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கு நம் பக்கம் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் உதவி கேட்டுப் போடும் 12ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எடுத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

ஆதார், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், இருந்தால் நகை வாங்கிய பில், அடகு ரசீது. எடுத்து வர முடியவில்லையென்றால் அதற்காகப் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் இருக்கும் அவருடைய பொருட்களையும் சீர் நகைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட முடியும்.

அடி பட்டிருந்தால் கட்டாயம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சேலம் ஜி.எச். ஆனாலும் சரி, ஏற்காடு அரசு மருத்துவமனை ஆனாலும் சரி. அங்கே டாக்டர் கேட்கும்போது நம் பெண்கள் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். கணவர் பக்கத்திலேயே நிற்பதும் உண்டு. அவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். யார், எதனால், எப்போது அடித்தார் என்று சொன்னால் அது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில் ஏறும். பின்னாளில் "நான் தொடவே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது ஏ.ஆர். காப்பியின் அந்த ஒரு வரி பெரிய சாட்சி. சம்பவ அறிக்கை இல்லாமல் வந்தாலும் சிகிச்சை தர மருத்துவமனை மறுக்கக் கூடாது.

வாட்ஸ்அப் மிரட்டல், வாய்ஸ் மெசேஜ் இருந்தால் வேறு போனுக்கு அனுப்பிவிட்டுப் பழையதை அழித்துவிடாதீர்கள். முதலில் வந்து சேர்ந்த போன் அப்படியே இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் அதற்கென ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

நம் ஊரில் அடிக்கடி வரும், ஆனால் யாரும் வன்முறை என்று சொல்லாத ஒன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மகளிர் குழுவில் அவர் பெயரில் கடன் எடுத்து, பணத்தைக் கணவர் செலவழித்துவிட்டுத் தவணையை அவர் தலையில் கட்டுவது. அரசின் மகளிர் உரிமைத் தொகை வரும் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. தறிக்கூலியையோ கொலுசுப் பட்டறைக் கூலியையோ முதலாளியிடம் கணவரே போய் வாங்கிவிடுவது. இவையெல்லாம் சட்டத்தின் 3ஆம் பிரிவில் பொருளாதார வன்முறை என்ற தலைப்பில் அடங்கும். தேதி, தொகையோடு எழுதினால் அந்த இழப்பையும் மனுவில் கேட்கலாம்.

ஸ்டேஷனில்

சேலம் மாநகரம் போலீஸ் கமிஷனர் கையில், ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர் பக்கமெல்லாம் மாவட்ட எஸ்.பி. கையில். அதனால் "இது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதில் சாதாரணமாக வரும். எல்லை எதுவானாலும் குற்றப் புகாரைப் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டமாகவே இருக்கிறது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. சண்டை போடாமல் அந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வந்ததற்கே தடயம் இருக்காது.

பிறகு இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். மகளிர் ஸ்டேஷனிலும் இதுதான் வழக்கம். "குடும்பம்னா நாலும் இருக்கும்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு." அம்மாவும்கூட "பொறுத்துப் போ கண்ணு" என்பார். சேர்ந்து வாழ வேண்டும் என்று அந்தப் பெண்ணே விரும்பினால் அது அவர் முடிவு, நாம் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் விருப்பமில்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதை மெதுவாக அவர் காதில் போடுங்கள். "இனிமேல் புகார் கொடுக்க மாட்டேன்", "என் மேலும் தப்பு இருக்கிறது" போன்ற வரிகள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இந்தச் சட்டப்படி கவுன்சிலிங்குக்கு அனுப்பும் அதிகாரம் 14ஆம் பிரிவில் நீதிபதிக்குத்தான் இருக்கிறது. போலீஸுக்கு 5ஆம் பிரிவில் இருப்பது கடமை: பாதுகாப்பு அலுவலர், இலவச வக்கீல், உதவி அமைப்புகள், கிரிமினல் புகார் என அவருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் கடமை. "பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் அனுப்பிடுங்க மேடம்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு அலுவலர்

சட்டத்தின் முதுகெலும்பு இவர்தான், நடைமுறையில் மிகவும் பலவீனமான இடமும் இதுதான். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். மேட்டூரிலிருந்து தலைவாசல்வரை நீண்டு கிடக்கும் மாவட்டத்தின் மனுக்கள் எல்லாம் வந்து குவியும் இடம் என்றால் வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வட்ட அளவில் அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டதற்குக் காரணமும் இந்த நெருக்கடிதான். அதனால் போனதும் "எங்க தாலுகாவுக்கு யார் பாதுகாப்பு அலுவலர்?" என்று கேளுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் மகளிர் ஊர்நல அலுவலரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

இங்கே எழுதப்படுவதுதான் சம்பவ அறிக்கை, டி.ஐ.ஆர். என்பார்கள். படிவம் 1. அடித்தது, அசிங்கமாகத் திட்டியது, சம்மதமில்லாத உறவு, பணத்தைப் பிடுங்கியது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நம் பெண்கள் முதல் கட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். படுக்கையில் நடப்பதைச் சொல்லக் கூச்சப்படுவது இயல்பு. நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டால் அவர் அலுவலரிடம் சொல்லக்கூடும், அந்த இடத்தில் துணைக்கு வந்தவர் தள்ளி நிற்பதும் ஓர் உதவிதான். தேதி ஞாபகமில்லையென்றால் "பெரியவனுக்கு மொட்டை போட்ட வாரம்", "கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயம்" என்று சொன்னாலும் எழுதலாம். கேட்கும் உதவிகளையும் முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தங்கியிருக்கும் இடத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கணவர் வரக் கூடாது என்பதையும் கேட்கலாம்.

அறிக்கையின் நகல் ஒன்று இலவசமாக அவருக்குத் தர வேண்டும். வாங்காமல் வராதீர்கள். அலுவலர் லீவு, டூர், அடுத்த வாரம் வாங்க என்று இழுத்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. திங்கட்கிழமை ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் விழும், பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, டி.ஐ.ஆர். இல்லாமலேயே நேராக நீதிமன்றத்தில் மனு போடுவது. அறிக்கை கட்டாயமில்லை என்று பிரபா தியாகி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அறிக்கை இருந்தால் மனுவுக்கு வலு அதிகம் என்பதால் முதல் வழியை விட்டுவிட வேண்டாம் என்பேன்.

மலை மேல் இருக்கிறவர்களுக்கு

ஏற்காட்டில் தூரமே ஒரு தடை. மாவட்ட அலுவலகங்கள் எல்லாம் கீழே. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, காத்திருந்து, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஏறினால் ஒருநாள் கூலி போச்சு. அந்த பஸ்ஸில் தெரிந்தவர் முகம் இல்லாமல் இருக்காது, வீடு போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஒரே பயணத்தில் சமூக நல அலுவலகத்தையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் முடிக்கும்படி திட்டமிடுங்கள். கிளம்பும் முன் 181லோ, இலவச சட்ட உதவி எண்ணான 15100லோ பேசி, அலுவலர் இருக்கும் நாளைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு வேறொரு கவலை. வீடு எஸ்டேட்டுடையது, வேலை கணவர் பெயரில். அந்த வீட்டிலேயே தங்கும் உரிமைக்காகப் போராடுவது கடினம். கூடவே, 19ஆம் பிரிவில் மாற்று வீடு அல்லது வாடகைப் பணம் என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் "உங்க கல்யாணம் பதிவே ஆகல, இந்து திருமணச் சட்டமே உங்களுக்கு இல்ல, கேஸ் எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டுப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டம் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது என்பது உண்மை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் அப்படி எந்த விலக்கும் இல்லை. ஊர் வழக்கப்படி நடந்த கல்யாணமும், அதைப் பார்த்தவர்களின் சாட்சியமும், ஒரே குடும்ப அட்டையில் இருக்கும் பெயரும் போதுமான தொடக்கம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்ததும் நீதிமன்றம் போவதற்குத் தடையாகாது.

நீதிமன்றத்தில்

வக்கீல் பணம் இல்லையே என்பது முதல் கேள்வியாக வரும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற ஒன்றே போதும், வருமானச் சான்று கேட்கக் கூடாது. வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

மனுவை எங்கே போடுவது என்பதில் 27ஆம் பிரிவு தாராளமானது. கணவர் வீடு திருப்பூரிலோ பெங்களூருவிலோ இருந்தாலும், இவர் இப்போது சேலத்தில் அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலே இங்கே போடலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் அவருக்கு உரிமை இல்லையென்று ஆகிவிடாது, 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அது தீர்ந்துபோனது. மாமியார், நாத்தனார் மேலும் மனு போடலாம். ஆனால் பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு மட்டும் கிடைக்காது. சொல்லப்போனால், தொல்லையில் சம்பந்தமில்லாத கணவரின் உறவினர் எல்லோரையும் எதிர்மனுதாரர் ஆக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் சம்மன் சேர வேண்டும். ஒருவர் கிடைக்காவிட்டாலும் வாய்தா போய்க்கொண்டே இருக்கும்.

அந்த 60 நாள் கணக்கு பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. சம்மன் திரும்பி வரும், எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய நேரம் கேட்கும், நீதிபதி மாறுவார். வருஷம் ஓடிவிடும். இதனால்தான் 23ஆம் பிரிவு இடைக்கால மனுவை முதல் நாளே சேர்த்துப் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். படிவம் 3இல் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அவசரம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போடலாம். வக்கீலிடம் "இடைக்கால மனு போட்டாச்சா சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பணம் கேட்பதாக இருந்தால் இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த விதி இது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். கணவர் தறியிலோ வெள்ளிப் பட்டறையிலோ வேலை செய்கிறவர், சம்பளச் சீட்டு இல்லை என்றால் மாச வருமானத்துக்கு வேறு தடயம் தேடுங்கள்: வண்டிக்குக் கட்டும் தவணை, சீட்டுப் பணம், ஜிபே கணக்கு, வேலை கொடுப்பவரின் பெயர்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கும், அதை வீட்டுப் பகுதி ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உத்தரவைச் செயல்படுத்த உதவும்படி ஸ்டேஷனுக்கே நீதிபதி எழுத முடியும், அந்த வரியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வந்து அடிக்காதே, தொந்தரவு செய்யாதே என்ற பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் 31ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், ஜாமீனில் வர முடியாத குற்றம். இப்போது போலீஸ் "குடும்ப விஷயம்" என்று சொல்ல இடமில்லை.

உத்தரவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

பணம் வராமல் போவதுதான் அதிகம். அவர் மாதச் சம்பளக்காரர் என்றால், நேராகச் சம்பளத்தில் பிடித்து மனைவிக்கோ நீதிமன்றத்துக்கோ கட்டும்படி முதலாளிக்கே உத்தரவிட 20ஆம் பிரிவில் இடமுண்டு. உருக்காலையோ, மில்லோ, அரசு வேலையோ, எதுவானாலும் சரி. கூலிக்காரர் என்றால் நிலுவை மனுப் போட்டு வாரண்ட் கேட்க வேண்டும். இதில் ஒரு கெடு இருக்கிறது: ஒரு மாதத் தொகை பாக்கி விழுந்ததிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும். "இந்த மாசம் தர்றேன், அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே பலருக்கு அந்த ஓராண்டு கழிந்துவிடுகிறது. ஒரு நோட்டில் மாதம், வர வேண்டிய தொகை, வந்த தொகை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால் நோட்டை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் கூட்டிப் போங்கள்.